தாமதம் விதியன்று

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு குடும்பத்தின் வரலாற்றை அறிய விழைபவர், அக்குடும்பத்தார் இடம்பெயர்ந்த வேளைகளில் எவற்றைக் கையிலெடுத்துச் சென்றனர் என்று கேட்டறிதல் நன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். அன்று நடந்தவர்களை விசாரித்தால், கைப்பையிலே காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருந்தன என்பர். அவற்றுக்கிடையே சில நிழற்படங்களும் இருந்தன என்பர். உறுதி நிலத்துக்குச் சாட்சி. சான்றிதழ் பெயருக்குச் சாட்சி. நிழற்படம் முகத்துக்குச் சாட்சி. முதலிரண்டுக்கும் ஏதாவதொரு கந்தோரிலே பிரதி கிடைக்கக்கூடும். மூன்றாவதற்கு எந்தக் கந்தோரிலும் பிரதி இல்லை.

அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட படங்கள் இன்று எந்நிலையிலுள்ளன? சிலவற்றை ஈரம் தின்றிருக்கிறது. சில, கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தெடுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சில, நான்காக மடிக்கப்பட்டுச் சட்டைப் பையிலே வன்னி முழுவதும் அலைந்து, மடிப்பு விழுந்த இடத்திலே வெள்ளைக் கோடுகளாய் வெடித்திருக்கின்றன. வீட்டிலே விட்டுச் செல்லப்பட்டவற்றுக்குக் கறையான் முடிவு கட்டியது. எஞ்சியிருப்பவை எஞ்சியவற்றின் எச்சங்களே.

இத்தகைய படங்களைச் சீர்செய்து கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாக மாலை வேளைகளிலே வீட்டிலிருந்து செய்து வருகிறேன். முதலில் எம் குடும்பத்துப் படங்கள், பின்னர் அயலவர்களுடையவை, அதன்பின் மாணவர்கள் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. படத்தை ஸ்கானரில் இட்டுக் கணினிக்கு மாற்றி, கீறலையும் பூஞ்சணக் கறையையும் ஒவ்வொன்றாக நீக்கி, மங்கிய நிறத்தை மீட்டு, புதிய தாளில் அச்சிடுவதே இவ்வேலை. இதனைப் பற்றி எழுத முற்படுவது என் கைத்திறனைக் கூறுவதற்காக அன்று. இவ்வேலைக்கு இடையூறாய் நின்ற ஒரு சிறிய விடயம், நம் சமூகத்தின் சிந்தனைப் பழக்கமொன்றை எனக்குத் தெளிவாகக் காட்டிற்று. என் கணினி மெதுவாக இயங்கிற்று என்பதே அவ்விடயம்.

மெதுமை என்பதை முதலில் வகைபிரித்து நோக்குதல் வேண்டும். கணினி வருவதற்கு முன்னரும் நிழற்படங்கள் திருத்தப்பட்டே வந்தன. ஸ்ரூடியோவின் பின்னறையிலே சரிவான மேசை ஒன்றின்முன் அமர்ந்து, கண்ணாடியில் ஒளி பாய்ச்சி, நெகற்றிவ் மீது கூர்மையான பென்சிலால் நுண்ணிய புள்ளிகளை இட்டு, கரும்புள்ளியைச் சிறு கத்தியாற் சுரண்டி, முகத்தைச் செப்பனிட்ட தொழிலாளர் இருந்தனர். அவர்களுடைய வேலை மெதுவானது. அம்மெதுமை கையினுடையது, கண்ணினுடையது. பார்த்து, எண்ணி, தீர்மானித்து அடுத்த புள்ளியை வைக்கும் உழைப்பின் மெதுமை. கணினி முன் அமர்ந்து ஒரு தாயின் கண்ணோரத்தில் விழுந்த வெடிப்பை நிரப்புபவருக்கும் அதே மெதுமை தேவை. அதனை எவரும் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது.

நான் கூறுவது வேறொரு மெதுமை. தூரிகையைப் படத்தின்மேல் ஒருமுறை இழுத்துவிட்டு, இழுத்த கோடு திரையில் தோன்றும்வரை காத்திருப்பது. செய்ததை நீக்கவேண்டுமென ஆணையிட்டு, எழுந்து சென்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்ப்பது. சேமிக்கும்போது திரை உறைந்து நின்றால், இத்தனை நேர வேலையும் போயிற்றோ என அஞ்சுவது. இதில் உழைப்பும் இல்லை, சிந்தனையும் இல்லை. மனித நேரம் வீணாவது மட்டுமே உண்டு. பகல் முழுவதும் வகுப்பறையில் நின்றவருக்கு இரவிலே இரண்டு மணித்தியாலம் கிடைக்கின்றது. அவ்விரண்டில் ஒன்றேகாலைப் பொறி தின்றுவிடுமாயின், ஒரு கிழமையில் முடியவேண்டிய படம் மூன்று கிழமைக்கு இழுபடும். படத்துக்காகக் காத்திருப்பவரோ எண்பது வயதைக் கடந்த ஒருவராக இருப்பார்.

இந்நிலையில் நகரத்துக் கடையொன்றில் யோசனை கேட்டேன். கணினியைத் திறந்து பாராமலே விடை கிடைத்தது: “இது பழசு. புதுசொண்டு எடுங்கோ.” நண்பர்களைக் கேட்டேன். அவர்களும் அதனையே கூறினர். வீட்டிலும் அதே கருத்து. எவரும் காரணத்தைக் கேட்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. பழையது ஆதலால் மெதுவாயிற்று என்பது காரணம்போல ஒலிக்கின்றது. உண்மையில் அது காரணத்தைத் தேடவேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டளையே. கொள்ளை நோய் வந்தபோது தெய்வக் குற்றம் என்று கூறி ஓய்ந்த மனத்துக்கும், பொறி நின்றபோது காலம் முடிந்தது என்று கூறி ஓயும் மனத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. முன்னையதைப் பூசாரி பயன்படுத்தினார். பின்னையதைச் சந்தை பயன்படுத்துகிறது.

சந்தை அதனை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் பல. நிழற்படத் திருத்தத்துக்கு உலகெங்கும் பயன்படும் போட்டோஷொப் என்னும் மென்பொருளின் முதற் பதிப்பு 1990 இல் வெளிவந்தது. ஒருமுறை விலை கொடுத்தால் வாங்கியவருக்கு உரியதாயிருந்த அதனுடைய புதிய பதிப்புகளை 2013 முதல் அடோபி நிறுவனம் சந்தா முறையில் மட்டுமே வழங்கிவருகிறது. சந்தா நின்றால் கருவியும் கைவிட்டுப் போகும். மைக்ரோசொப்ட் நிறுவனமோ வின்டோஸ் 10 க்கான தனது பொதுவான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. அதற்கடுத்த பதிப்பை ஏற்கத் தகுதியற்றவை என்று கூறப்படும் பொறிகளிலே எத்தனையோ, எழுத்தும் கணக்கும் படமும் செய்வதற்குப் போதிய வலுவுடையவை. உடல்நலத்தோடு இருப்பவரைக் கட்டாய ஓய்வில் அனுப்புவது போன்றது இது.

நம் நாட்டின் நிலை இதனை மேலும் கடுமையாக்குகிறது. 2022 மார்ச் தொடக்கத்திலே டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயப் பெறுமதி, அவ்வாண்டு மே மாதத்திலே 360 ரூபாவளவில் வீழ்ந்தது. இறக்குமதியாகும் எப்பொருளின் விலையும் அதற்கேற்ப ஏறிற்று. வேதனம் ஏறவில்லை. படத்திருத்தத்துக்கு ஏற்ற புதிய கணினி ஒன்றின் விலை, ஓர் ஆசிரியரின் பல மாத வேதனத்துக்குச் சமம். “புதுசொண்டு எடுங்கோ” என்ற மூன்று சொற்களுக்குள்ளே இத்தனை மாத உழைப்பு அடங்கியிருக்கிறது. எனவேதான் காரணத்தை ஆராய்தல் அறிவின் தேவை மட்டுமல்லாது வாழ்வின் தேவையும் ஆகிறது.

ஆராய்ச்சி எண்களிலிருந்து தொடங்கிற்று. நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் கொண்ட சாதாரணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனை அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கான் செய்தால், அகலத்தில் 4800 புள்ளிகள், நீளத்தில் 7200 புள்ளிகள். இரண்டையும் பெருக்கினால் 34,560,000. அதாவது மூன்று கோடியே நாற்பத்தைந்து இலட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பெறுமானங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைற். ஆக, பத்துக் கோடியே முப்பத்தாறு இலட்சம் பைற் அளவில்; ஏறத்தாழ 104 மெகாபைற். நிறத்தை நுண்மையாகக் காக்கவேண்டி 16 பிற் முறையைத் தெரிந்தால் அது இரட்டிக்கும்.

இங்கே பலருக்கு ஒரு மயக்கம் ஏற்படுகிறது. “என் படம் வன்தட்டில் ஐந்து மெகாபைற் இடம்தானே பிடிக்கிறது?” என்று ஒரு மாணவன் என்னிடம் வினவினான். நல்ல வினா. 1992 இல் தரநிலையாக வெளிவந்த ஜேபெக் என்னும் முறை, கண்ணுக்கு எளிதில் புலப்படாத விவரங்களைக் கழித்துப் படத்தைச் சுருக்கி மடித்து வைக்கிறது. மடித்த சேலை பெட்டிக்குள் சிறிதாகத்தான் இருக்கும். உடுப்பதற்கு விரித்தால் ஆறு யாரும் வேண்டும். திருத்துவதற்காகப் படத்தைத் திறக்கும்போது கணினி அதனை முழுவதுமாக விரிக்கிறது. அதன்மேல் நாம் திருத்தங்களுக்காகப் படலங்கள் சேர்க்கிறோம். முழுப்படமளவான ஐந்து படலங்களெனில் அரை ஜிகாபைற். 16 பிற் முறையில் ஒரு ஜிகாபைற். செய்ததை நீக்கிப் பின்செல்லும் வசதிக்காக, முந்தைய நிலைகளையும் மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்கிறது. படம் முழுவதையும் மாற்றும் செயல்கள் இருபது செய்தால், இருபது பிரதிகளுக்கு நிகரான இடம் வேண்டும்.

என் கணினியிலிருந்த நினைவகம் 4 ஜிகாபைற். அதிற் பெரும்பகுதியை இயக்குதளமும், பின்னணியிலே நாம் அழையாமலே வந்து குந்தியிருந்த சிறுசிறு மென்பொருள்களும் பிடித்திருந்தன. மிகுதியில் மேற்கூறியவை எவ்வாறு அடங்கும்? அடங்காது. அடங்காதவற்றைக் கணினி வன்தட்டிலே எழுதிவைத்து, தேவைப்படும்போது மீண்டும் வாசிக்கிறது.

நூலகத்திலே வாசிப்பவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மேசை பெரிதாயின், தேவையான பத்து நூல்களையும் விரித்து வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணை நகர்த்தினாற் போதும். மேசை சிறிதாயின், ஒரு நூலைப் பார்க்க மற்றதை அலுமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். முன்னையது தேவைப்பட்டால் மீண்டும் எழுந்து நடக்கவேண்டும். நினைவகம் மேசை, வன்தட்டு அலுமாரி. இவ்வலுமாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு, செக்கனுக்கு 120 முறை சுழல்கிறது. தேவையான இடம் வாசிப்பு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று. அதாவது ஆயிரத்தில் நான்கு செக்கனுக்கு மேல். முனை நகரும் நேரத்தையும் கூட்டினால் ஆயிரத்தில் பத்துச் செக்கனுக்குக் குறையாது. நினைவகமோ ஏறத்தாழ ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கிலே விடை தருகிறது. இரண்டுக்குமிடையே ஓர் இலட்சம் மடங்கு வேறுபாடு. மேசையிலிருந்து எடுக்க ஒரு செக்கன் ஆகுமென்றால், அலுமாரிக்குப் போய்வர இருபத்தேழு மணித்தியாலத்துக்கு மேலாகும் என்று பொருள். ஒரு தூரிகைக் கோட்டுக்காக நான் காத்திருந்த நேரம் முழுவதும் என் கணினி நடந்துகொண்டிருந்தது. அது சோம்பியிருக்கவில்லை.

இவ்விளக்கம் ஊகமாக நின்றுவிடக் கூடாது. ஊகத்தைச் சோதிக்கும் கருவி கணினிக்குள்ளேயே உண்டு. ரஸ்க் மனேஜர் என்னும் பலகத்தைத் திறந்து வைத்து, படத்திலே ஒரு செயலைச் செய்து, எண்களைக் கவனித்தேன். செயலியின் உழைப்பு நூற்றுக்கு இருபதைத் தாண்டவில்லை. நினைவகம் நிறைந்திருந்தது. வன்தட்டோ நூற்றுக்கு நூறு. புதிய, வேகமான செயலியை வாங்கும்படி கூறிய அறிவுரை எவ்வளவு பொருத்தமற்றது என்பது அக்கணமே தெளிவாயிற்று. நோயாளிக்கு வயிற்றிலே நோவு. மருந்தோ கண்ணுக்குக் கொடுக்கப்பட்டது.

காரணம் தெரிந்தபின் பரிகாரத்துக்கு ஓர் ஒழுங்கு தானாகவே அமைந்தது. செலவில்லாதவை முதலில். கணினி தொடங்கும்போது தாமாகத் தொடங்கும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்தினேன். ஸ்கான் செய்யும் அளவை மறுபரிசீலனை செய்தேன்: பழைய அச்சுப் படங்களிற் பெரும்பாலானவை அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்கு மேல் எடுத்தாலும் புதிய விவரம் எதையும் தருவதில்லை, தாளின் மணியுருக்களையே பெரிதாக்கிக் காட்டும். 600 ஆகக் குறைத்தால் புள்ளிகள் நாலிலொரு பங்காகின்றன. முத்திரையளவான படத்தைப் பெரிதாக்க வேண்டியபோது மட்டும் 1200. நிறத்தைச் சரிசெய்து முடித்ததும் 16 பிற்றிலிருந்து 8 பிற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பின்செல்லும் நிலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். முடிவான திருத்தங்களின் படலங்களை ஒன்றாக்கலாம். மென்பொருள் எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்தலாம் என்பதை அதன் விருப்பத் தெரிவுகளிலே குறிப்பிடலாம்; அனைத்தையும் அதற்குக் கொடுத்துவிட்டால் இயக்குதளம் மூச்சுத் திணறும் என்பதால், மூன்றிலொன்றையாவது விட்டுவைத்தல் நன்று.

அடுத்து, தூசி. வலிகாமத்துச் செம்மண்ணைப் பற்றி நாம் பெருமை கொள்கிறோம். கணினியின் விசிறிக்கு அது நண்பனன்று. மூடியைக் கழற்றியபோது வெப்பத்தைக் கடத்தும் உலோக இதழ்களுக்கிடையே செம்பழுப்பான கம்பளம் ஒன்று படிந்திருந்தது. செயலி அளவுக்குமேற் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை மாதத்து நண்பகலிலே இந்தத் தாமதமும் முன்னையதோடு சேர்ந்துகொள்கிறது. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய தூரிகையினால் துடைத்து, செயலிக்கும் உலோகத்துக்குமிடையே காய்ந்திருந்த பசையைப் புதுப்பித்ததோடு அது தீர்ந்தது.

செலவுள்ளவை இரண்டே. பழுதடைந்த வேறொரு கணினியிலிருந்து கழற்றப்பட்ட 4 ஜிகாபைற் நினைவகத் துண்டு ஒன்று; சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைத் தட்டு ஒன்று. பின்னையதிலே சுழலும் பகுதியே இல்லை; ஆதலால் அரைச் சுற்றுக்குக் காத்திருக்கும் நிலையும் இல்லை. பழைய தட்டு செக்கனுக்கு ஏறத்தாழ நூறு மெகாபைற் வாசித்தால், இது ஐந்நூறு வாசிக்கும். சிதறிக்கிடக்கும் சிறு துண்டுகளைத் தேடுவதில் வேறுபாடு அதனிலும் பன்மடங்கு. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தது புதிய கணினியின் விலையிலே ஒரு சிறு பங்கு. போட்டோஷொப்புக்குப் பதிலாக கிம்ப் என்னும் மென்பொருளைக் கைக்கொண்டேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்து மாணவர் இருவர் 1995 இல் தொடங்கி 1996 இல் உலகுக்கு இலவசமாக வெளியிட்ட இப்படைப்பு, இன்றுவரை பல நாட்டுத் தன்னார்வலரின் உழைப்பால் வளர்ந்து வருகிறது. அதன் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். சந்தா இல்லை. அறிவு பொதுவுடைமையாகும்போது எத்தகைய கருவி உருவாகும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது தூரிகையை இழுத்தால் கோடு உடனே தோன்றுகின்றது. பொறியின் மெதுமை நீங்கியபின் கையின் மெதுமைக்கு இடம் கிடைத்தது.

இவ்விடத்தில் ஆசிரியன் என்ற முறையிலே ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. “மந்தம்” என்ற சொல்லை நாம் கணினிக்கு வழங்குகிறோம், பிள்ளைகளுக்கும் வழங்குகிறோம். கடைசி வாங்கிலே இருந்து, வினாவுக்கு விடை கூறத் தாமதிக்கும் பிள்ளையை மந்தம் என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறோம். அப்பிள்ளை காலையில் உண்டதா, விளக்கு இல்லாத வீட்டிலே படிக்கிறதா, பாடசாலை விட்டதும் தோட்ட வேலைக்குப் போகிறதா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? மேசை சிறிதாயிருப்பது வாசிப்பவரின் குற்றமன்று. ஒரு பொறியின் மூடியைக் கழற்றிக் காரணம் தேட ஒரு மாலைப்பொழுதைச் செலவிடும் நாம், ஒரு பிள்ளையின் வீட்டுப் படலையைத் திறக்க அரை மணித்தியாலத்தைச் செலவிடலாம்.

இனி, சிலர் கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு. இக்காலத்திலே கைத்தொலைபேசியிற் படத்தைக் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் அதனைப் புத்தம் புதிதாக்கித் தருகிறதே. பழைய கணினியோடு மாரடிப்பது எதற்கு? இதற்கு விடை தத்துவத்தில் இல்லை. ஒரு தாயின் கையிலே இருந்தது. அவர் கொண்டுவந்தது தேசிய அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்ட சிறு படம். போரின் இறுதியிலே காணாமற்போன மகனுடைய ஒரேயொரு படம். அதனை எங்கோ ஒரு கடையிலே கொடுத்துப் பெரிதாக்கியிருந்தார். பெரிதாக்கப்பட்ட படத்திலே தோல் பளிங்குபோல் இருந்தது, கண்கள் ஒளிவீசின, பற்கள் வரிசையாய் இருந்தன. அதனைக் காட்டி அத்தாய் கூறினார்: “வடிவாத்தான் கிடக்கு தம்பி. ஆனா இது என்ரை பிள்ளையில்லை. அவனுக்கு நாடியிலை ஒரு தழும்பு இருந்தது. அதைக் காணேல்லை.”

அம்மென்பொருளின் இயல்பு அதுவே. மங்கிய படத்திலே இல்லாத விவரத்தை அது மீட்பதில்லை. இலட்சக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்றவற்றைக் கொண்டு, இருந்திருக்கக்கூடிய ஒன்றைக் கற்பித்து நிரப்புகிறது. திருமண மண்டபத்துப் படத்துக்கு இது பொருந்தலாம். சாட்சியமாக நிற்கவேண்டிய படத்துக்குப் பொருந்தாது. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியிலே காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில், தாய்மார் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தவை நிழற்படங்களே. அவர்கள் கேட்பது யாரோ ஒரு வடிவான இளைஞனை அன்று; தாடையிலே தழும்புள்ள, இன்னாருடைய மகனை. அத்தழும்பைத் துடைத்துவிடும் திருத்தம், அவனை இரண்டாம் முறை காணாமற் செய்வதாகும். அன்றியும், அப்படங்கள் நாமறியாத தூரதேசத்து வழங்கிகளிலே போய்த் தங்குகின்றன. அவை அங்கே எதற்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அத்தாயிடம் இல்லை.

எனவே கையாற் செய்தல் வேண்டும். கீறல் எது, தழும்பு எது என்று கேட்டறிந்து செய்தல் வேண்டும். அத்தாயை அருகே கதிரையில் இருத்தி, மூலப் படத்தைத் திரையில் விரித்து, “இது மடிப்போ, தழும்போ?” என்று ஒவ்வொரு கோடாகக் கேட்டுக் கேட்டு அந்தப் படத்தை முடித்தோம். கணினி ஒவ்வொரு கோட்டுக்கும் உறைந்து நின்றிருந்தால் அவ்வுரையாடல் நிகழ்ந்திருக்காது. பொறியின் வேகம் எதற்காக என்ற வினாவுக்கு நான் கண்ட விடை இது: மனிதர் ஆறுதலாக இருந்து பார்ப்பதற்காக.

இன்னொரு சாராரின் வினாவும் நியாயமானதே. காணிகள் விடுவிக்கப்படவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது, இளைஞர் நாட்டைவிட்டு ஓடுகின்றனர்; இவற்றுக்கிடையே நினைவகத்தையும் வன்தட்டையும் பற்றிப் பேசுவது ஆடம்பரமன்றோ? இப்பெரும் பிரச்சினைகளைச் சிறிய பரிகாரங்கள் தீர்க்கா என்பதை ஏற்கிறேன். ஆயின், நம் மண்ணிலே அறிவுச் சேமிப்பு எத்துணை எளிதில் அழியும் என்பதை நாம் மறக்கலாகாது. 1981 மே 31 ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயிலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஓரிடத்தில் ஒரேயொரு பிரதியாக இருப்பது எதுவும் பாதுகாப்பானதன்று என்ற பாடத்தை உலகிலே எவரையும்விட விலை கொடுத்துக் கற்றவர்கள் நாம். அப்பாடத்தின் பயனாகவே 2005 இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் தோன்றி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து எவரும் படிக்கக்கூடியதாக இணையத்தில் வைத்துவருகிறது. நூல்களுக்குச் செய்யப்படுவது முகங்களுக்கும் செய்யப்படவேண்டும். முகங்கள் வீடுகளிலே இருக்கின்றன. ஆகவே அவ்வேலையும் வீடுகளிலும் பாடசாலைகளிலுமே தொடங்கும். அங்கே இருப்பவை பழைய கணினிகள்தாம்.

பொருளாதாரத் தடைக்காலத்திலே, மின்சாரமற்ற குடாநாட்டில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டவர்கள் நம் பெற்றோர். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றிப் பரீட்சைக்குப் படித்தவர்கள் நம் மூத்தோர். அந்த வறுமையைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. அது சுமத்தப்பட்ட கொடுமை. ஆனால் பொருளின் உள்ளே என்ன நிகழ்கிறது என்று திறந்து பார்க்கும் துணிவை அக்காலம் ஒரு தலைமுறைக்குக் கற்பித்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, அத்துணிவு மீண்டும் தேவைப்பட்டது. தேவை ஓய்ந்ததும் அறிவையும் ஓயவிட்டுவிட்டு, மூடியைத் திறவாமலே தூக்கியெறியும் பழக்கத்தை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நடைமுறையான சில வேண்டுகோள்கள். உங்கள் பாடசாலையின் மூலையிலே பழுதென்று ஒதுக்கப்பட்ட கணினிகள் இருக்கும். தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவர் நால்வரைச் சேர்த்து அவற்றைத் திறவுங்கள். எது நிறைந்திருக்கிறது, எது காத்திருக்கிறது, எது சூடேறுகிறது என்று அளந்து எழுதுங்கள். இரண்டு பழைய கணினிகளிலிருந்து நல்ல ஒன்றை ஆக்கலாம். மாதத்தில் ஒரு நாள் ஊரவரை அழைத்து, அவர்களிடமுள்ள படங்களை ஸ்கான் செய்து மூலத்தை அன்றே கையில் திருப்பிக் கொடுங்கள். மூலப் பிரதியை ஜேபெக் ஆக அன்றி, இழப்பற்ற ரிஃப் வடிவிலே, திருத்தாமல் அப்படியே சேமியுங்கள். திருத்தத்தை அதன் பிரதியிலே செய்யுங்கள். இரண்டு வேறு இடங்களிலே இரண்டு பிரதிகள் இருக்கட்டும். படத்திலிருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை அவ்வீட்டு முதியவர் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதட்டும். பெயரற்ற முகம் அடுத்த தலைமுறைக்கு வெறும் தாளாகிவிடும்.

படங்களைச் சீர்செய்யச் சில ஆண்டுகள் இருக்கின்றன. பெயர்களைச் சொல்லக்கூடியவர்களுக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை.